கம்பளிக் கணக்கு

ஊட்டிக்கு 'சீசன்' எப்போது என்று யாரைக் கேட்டாலும் ஏப்ரல், மே என்பார்கள். ஊட்டிக்காரர்களே அப்படித்தான் சொல்வார்கள். கொஞ்சம் யோசித்தால் இது விநோதம். அந்த இரண்டு மாதங்களில் மலையில் விசேஷமாக எதுவும் நடப்பதில்லை. கொதிப்பது கீழே, சென்னையும் கோயம்புத்தூரும். கீழே இருப்பவர்களின் வெக்கையை வைத்து மேலே ஒரு பருவத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோம். நாம் பெட்டியில் மடித்து வைக்கும் துணியையும் அந்தப் பெயர்தான் தீர்மானிக்கிறது.

பிக்கட்டியில் நின்று பார்த்தால் கணக்கு வேறு. மஞ்சூருக்குப் பக்கத்தில், குந்தா வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி அது. படகர்கள் தங்கள் மலையை நாக்குபெட்டா, அதாவது நான்கு மலை என்பார்கள்: தொதநாடு, பொரங்காடு, மேக்குநாடு, குந்தெ. பிக்கட்டி குந்தெயில் வரும். நீலகிரியின் மேற்குச் சுவர் இந்தப் பக்கம்தான். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று இந்தச் சுவரில் மோதிக் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைத்தான் ஊட்டிக்கு அனுப்பும். குன்னூர், கோத்தகிரி பக்கம் மழைக்காலம் என்றால் அக்டோபர், நவம்பர், வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் பதிவானதும் அதே 82 செ.மீ. சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல். ஒரே மாவட்டம், சில மலை தள்ளி, வேறு பருவமழை. அதற்கப்புறம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளத்தாக்குகளில் உறைபனி. நம் மொபைல் ஆப் இத்தனைக்கும் சேர்த்து 'ஊட்டி, 17 டிகிரி' என்று ஒரு எண்ணைக் காட்டிவிட்டுப் போய்விடும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களில் பிரபலமானவர் மெக்காலே. ஆமாம், கல்விக் குறிப்பு எழுதிய அதே மெக்காலேதான். 1834 ஜூனில் மதராஸில் வந்து இறங்கியவரை, கவர்னர் ஜெனரல் பென்டிங்க் ஊட்டிக்கு வரச்சொன்னார். சுமார் 400 மைல் மனிதத் தோள்களில் பல்லக்கில் போனார். போய்ச் சேர்ந்த நேரம் பருவமழை. எதிரில் நூறு கஜம் தெரிவதே அபூர்வம், வெளியே நடக்கவே வழியில்லை என்று கடிதங்களில் புலம்பியிருக்கிறார். கணப்பைப் பற்ற வைத்துக்கொண்டு புத்தகமும் கையுமாக ஆகஸ்ட் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அவரைச் சுமந்து வந்தவர்கள் அந்த மழையில் எதைப் போர்த்திக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குக் கேள்வி.

துரைமார் உடைக்கு ஒரு மருத்துவமே இருந்தது. வெப்ப நாட்டுக்கு வருபவர் உடம்பை ஒட்டி ஃபிளானல் அணிய வேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டு டாக்டர்களின் பொது அபிப்பிராயம். வயிற்றில் குளிர் பட்டால் காலரா வரும் என்று நம்பி, ராணுவத்தில் இடுப்பைச் சுற்றி ஃபிளானல் பட்டை கட்டினார்கள். அதற்குக் 'காலரா பெல்ட்' என்றே பெயர். 1880களில் ராபர்ட் கோக் காலராக் கிருமியைக் காட்டிய பிறகும் பட்டை அவிழவில்லை. ஒருமுறை கையேட்டில் ஏறிவிட்ட அறிவுரையை இறக்குவது லேசில்லை. (ஆபீஸில் பழைய கோடை அழிக்கப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.)

மலையில் காலங்காலமாக இருந்தவர்களோ பெரும்பாலும் பருத்தியைத்தான் உடுத்தினார்கள். தொதவர்களின் பூத்துக்குளி முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி. சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்தது. அந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. படக ஆண்களுக்குத் தலையில் மண்டரெ, மேலே சீலெ, எல்லாம் வெள்ளை. இருவருமே நெசவாளர்கள் இல்லை. துணி சமவெளியிலிருந்து மேலே ஏறி வந்தது. ஹெத்தை அம்மன் பண்டிகை உறைபனிக் காலத்தில்தான் வரும். அப்போது பேரகணிக்கு ஊர் ஊராக வெள்ளையுடுத்தி நடந்தே போகிறார்கள். இதில் மந்திரம் எதுவும் இல்லை. அடுக்கடுக்காகச் சுற்றும் துணிக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்கிறது, அது சூட்டைப் பிடித்து வைக்கிறது. உலர்ந்த குளிருக்கு அது போதும்.

நனைந்தால் போதாது. ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் கதகதப்பு கொடுக்கும். ஆகவே குந்தாவின் ஜூன், ஜூலைக்குக் கம்பளி தேவை. மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் குடை மாதிரியும் ஆகும், கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கும்.

இந்தக் கம்பளிதான் தோட்டக் கணக்குப் புத்தகங்களில் ஏறியது. காப்பியும் தேயிலையும் வந்தபோது மலையேறிய பெரும்பாலோர் சமவெளித் தமிழர்கள், குளிரே அறியாதவர்கள். இவர்களையும் பயணிகள் என்றுதான் சொல்ல வேண்டும். எந்தக் கையேடும் இவர்களுக்காக எழுதப்படவில்லை. இலங்கை மலையகத்தில் இது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. வந்து சேர்ந்த தொழிலாளிக்கு அரிசியோடு ஒரு கம்பளியும் கொடுப்பார்கள். இனாம் இல்லை, கடன். வழிச்செலவு, முன்பணம், கம்பளி எல்லாம் அவர் பெயரில் பற்று எழுதப்பட்டுச் சம்பளத்தில் கழியும். 'கம்ப்ளி' என்ற ஆங்கிலமாக்கப்பட்ட வடிவம் 1886இல் வந்த ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதியில் இருக்கிறது. துரைகளுக்கு அது அன்றாடச் சொல். நீலகிரித் தோட்டங்களிலும் மேஸ்திரியின் முன்பணத்தில்தான் ஆள் வந்தது. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியபோது, கம்பளிக் கணக்கை அறிந்த குடும்பங்கள் இந்த மலைக்கும் வந்தன.

கடனாக இருந்தது உரிமையாக மாற 1951 ஆனது. அந்த ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 17ஆம் பிரிவு என்று 2025 வரை சின்னதாக ஒன்று இருந்தது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி தர வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது. இந்திய நாடாளுமன்றம் பருவகாலத்துக்கேற்ற உடை பற்றிப் பேசிய அபூர்வமான இடம் இது. எனக்கு மிகப் பிடித்த சட்டப்பிரிவும்கூட.

ஆனால் சட்டத்துக்கு ஒரு அளவுகோல் இருந்தது. 1981 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் இருந்தால்தான் அது தோட்டமாகக் கருதப்பட்டது. பிக்கட்டியைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் சிறு விவசாயிகளின் துண்டு நிலங்கள். இலை கூட்டுறவுத் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே நாள்கூலிக்குக் கொழுந்து பறிப்பவருக்கு 17ஆம் பிரிவு எட்டவில்லை. மே மாதம் ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் நாம் வாங்கிய ஸ்வெட்டர் ஜூலையில் சென்னை பீரோவில் கிடக்கும். அந்த ஜூலையில் குந்தா சரிவில் இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் ஷீட்டோடு நிற்கிறார்கள். அது பெரும்பாலும் அவர்கள் கைக்காசில் வாங்கியது.