மாறுகண்ணுக்கு மருத்துவம் வந்த வழி: பிரிக்பீல்ட்ஸ் முதல் பந்திங் வரை

மாறுகண் பிள்ளை அதிர்ஷ்டக்காரப் பிள்ளை என்ற நம்பிக்கை தமிழ்க் குடும்பங்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. அந்த நம்பிக்கைக்குக் குழந்தை கொடுக்கும் விலை அதிகம். இரு கண்களும் வெவ்வேறு திசையில் நோக்கினால் இரட்டைக் காட்சி தோன்றும். அதைத் தவிர்க்கக் குழந்தையின் மூளை ஒரு கண்ணின் காட்சியை ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கப்பட்ட கண் பார்க்கப் பழகாமலே வளர்கிறது. சோம்பேறிக் கண் உருவாகும் வழிகளில் இது ஒன்று.

நல்ல கண்ணை மூடி மறு கண்ணுக்கு வேலை கொடுக்கலாம் என்று பிரெஞ்சு அறிஞர் பஃபோன் 1743லேயே எழுதினார். அடுத்த நூற்றாண்டில் எமில் ஜாவால் தம் சகோதரியின் மாறுகண்ணுக்குத் தீர்வு தேடி, ஸ்டீரியோஸ்கோப் கருவியைக் கொண்டு கண் பயிற்சிகளை வகுத்தார். அவற்றைத் தனித் தொழிலாக்கியவர் லண்டனின் மேரி மேடக்ஸ். கண் மருத்துவரான தந்தை எர்னஸ்ட் மேடக்ஸிடம் கற்று, 1920களில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய அவரே முதல் ஆர்த்தாப்டிஸ்ட். 1937இல் பிரிட்டனில் இத்தொழிலுக்குச் சங்கமே அமைந்தது.

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தும் மலாயாவுக்கு அந்தத் தொழில் அப்படியே வந்து சேரவில்லை. இங்கே கண் சேவையின் கதை பார்வை இழந்தவர்களிடமிருந்தே தொடங்குகிறது. பிரிக்பீல்ட்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தோன்றியது. மறுவாழ்வுப் பணியில் இறங்கிய அச்சங்கம், பார்வை போவதைத் தடுக்கும் பணிக்கும் நகர்ந்து, 1986இல் துன் ஹுசேன் ஓன் கண் மருத்துவமனையை உருவாக்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் ஆப்டோமெட்ரி (பார்வை அளவை) படிப்பைத் தொடங்கியது. 1991ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்ட்டையும் மூக்குக்கண்ணாடி விற்பவரையும் வேறுபடுத்தியது. இப்படி, லண்டனில் தனித் தொழிலாக நின்ற வேலை, இங்கே பெரும்பாலும் ஆப்டோமெட்ரிஸ்ட்டின் கைக்கும் கண் மருத்துவரின் கைக்கும் போனது.

தேவை எவ்வளவு என்பதைச் சிலாங்கூரின் கோம்பாக் மாவட்டத்தில் 2003இல் நடந்த ஆய்வு காட்டுகிறது. 7 முதல் 15 வயது வரையுள்ள 4,634 பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டனர். பார்வை குறைந்த கண்களில் 87 விழுக்காட்டுக்குக் காரணம், கண்ணாடியால் சரிசெய்யக்கூடிய ஒளிவிலகல் குறைபாடு. சோம்பேறிக் கண் 2 விழுக்காடுதான். இரண்டாவது எண்ணைச் சிறியதென்று தள்ளிவிட முடியாது. ஒரு கண்ணில் மட்டும் அதிகமாக இருந்து கவனிக்கப்படாமல் போகும் ஒளிவிலகல் குறைபாடும் சோம்பேறிக் கண்ணாக முடியலாம். ஆகவே சோம்பேறிக் கண் சிகிச்சையின் முதல் மருந்து பெரும்பாலும் சரியான கண்ணாடிதான். அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளை போட மாட்டேன் என்று அடம்பிடித்ததும் பெட்டிக்குள் வைத்துவிடும் வீடுகளும் உண்டு!

கண்ணாடி போதாதபோதுதான் ஒட்டு. முன்பெல்லாம் நல்ல கண்ணை நாள் முழுக்க மூடச் சொல்வதும் உண்டு. பந்திங்கிலிருந்து கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வந்துபோகும் குடும்பத்துக்கு, முகத்தில் ஒட்டோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது இரண்டாவது சுமை. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இந்தச் சுமையைக் குறைத்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட 189 குழந்தைகளில், மிதமான குறைபாட்டுக்குத் தினம் இரண்டு மணி நேர ஒட்டும் ஆறு மணி நேர ஒட்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. இரண்டு மணி நேரமென்றால், பள்ளி விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதும்போதே முடித்துவிடலாம்.

வயது ஒரு சிக்கல். மலேசியப் பள்ளிகளில் தாதியர் பார்வையைச் சோதிப்பது முதலாம் ஆண்டில், ஏழு வயதில். பாலர் பள்ளியிலேயே அதைச் செய்வது மேல். ஆனால் ஏழு வயதைத் தாண்டினால் கதவு அடைபட்டது என்ற பழைய முடிவும் சரியல்ல. 2005இல் வெளிவந்த ஆய்வில், 7 முதல் 12 வயது வரையுள்ளவர்களில் ஒட்டு முதலிய சிகிச்சையும் பெற்றவர்களில் 53 விழுக்காட்டினர் முன்னேறினர். கண்ணாடி மட்டும் அணிந்தோரில் அது 25 விழுக்காடு.

பெரியவர்கள் கதை வேறு. வளர்ந்த மூளை இரு கண்களுக்கும் பழகிவிட்டதால், புதிதாக மாறுகண் வந்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. கண்ணை அசைக்கும் நரம்பை அது தாக்கும்போது இப்படி நேரும். பெரும்பாலும் சில மாதங்களில் நரம்பு தானாகத் தேறும். அதுவரை கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய பிரிசம் தாள் உதவும். தேறாவிட்டால், விலகலின் அளவு சில மாதங்கள் மாறாமல் நின்ற பிறகே அறுவை சிகிச்சை.