ஒரு யென் வழக்கு

ஜப்பானில் வாழும் கொரியக் கிறிஸ்தவர்களின் திருச்சபை 1908-ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் பிறந்தது. கல்வி கற்க வந்த கொரிய மாணவர் சிலர் கூடிச் செபித்ததே அதன் தொடக்கம். 1910-இல் ஜப்பான் கொரியாவைத் தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டது. அதன்பின் வறிய உழவர்கள் கடல் கடந்து, ஒசாகாவின் ஆலைகளுக்கும் கியூஷுவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கூலிகளாய் வந்து சேர்ந்தனர். மாணவர் சபை தொழிலாளர் சபையாயிற்று. தாயகத்துப் பிரெஸ்பிட்டேரியன் சபையும் மெதடிஸ்டு சபையும் சேர்ந்தே இம்மக்களுக்கு ஊழியம் செய்தன. தாய்நாட்டில் இரண்டாய் நின்றவர்கள் அந்நிய மண்ணில் ஒன்றாய் வழிபட்டனர். ஒன்றிப்பு பற்றி மாநாடுகள் கூட்டும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். 1927-இல் கனடா நாட்டு மிஷனரி லூத்தர் யங் துணைக்கு வந்தார். 1934-இல் சபை தனக்கெனப் பொதுப்பேரவை அமைத்துக்கொண்டது.

போர்க்காலம் அனைத்தையும் பறித்தது. 1940-இல் கொரியர்கள் ஜப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ளுமாறு நெருக்கப்பட்டனர்; 1941-இல் சபையும் அரசு உருவாக்கிய ஐக்கிய சபைக்குள் கரைக்கப்பட்டது. போர் முடிந்த 1945-இலேயே அது வெளியேறித் தனித்து நின்றது. ஏறத்தாழ 6 இலட்சம் கொரியர் ஜப்பானிலேயே தங்கிவிட்டனர். அவர்களிடமிருந்த ஜப்பானியக் குடியுரிமையும் 1952-இல் போயிற்று. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அஞ்சிப் பலர் ஜப்பானியப் பெயரிலேயே ஒளிந்து வாழ்ந்தனர்.

இப்பின்னணியில்தான் கொகுரா நகரச் சபையின் போதகர் சோய் சாங்ஹ்வாவின் வழக்கைக் காணவேண்டும். அவர் பெயரின் சீன எழுத்துக்களை ஜப்பானிய முறையில் ஒலித்தால் 'சாய் ஷோகா' என்றாகும். 1975-இல் என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனம், அவர் விருப்பத்தை மீறி, செய்தியில் அவ்வாறே வாசித்தது. அவர் நீதிமன்றம் சென்றார். கேட்டது மன்னிப்பும், இழப்பீடாக ஒரே ஒரு யென்னும். அற்பக் காசுக்கு வழக்கா என்று நகைத்திருப்பார் உண்டு. ஆனால் பெயரைப் பறிகொடுத்த ஒரு தலைமுறையின் மகனுக்கு அந்த ஒலி அற்பமன்று.

கீழ் நீதிமன்றங்களில் தோற்றார். 1988 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் வழக்கைத் தள்ளியது. அவ்வாறு வாசிப்பது அக்காலப் பொது வழக்கமாதலால் சட்டமீறல் ஆகாதாம். எனினும், பெயர் மனிதனின் ஆளுமைச் சின்னம், அது சரியாக ஒலிக்கப்படுவதில் அவனுக்குள்ள நலன் சட்டப் பாதுகாப்புக்குரியது என்று அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இந்நெறியைத் தோற்றவரே நாட்டுக்குப் பெற்றுத்தந்தார். தீர்ப்புக்கும் முன்பே, 1984-இல் தென்கொரிய அதிபர் வருகை தந்தபோது, கொரியர் பெயர்களைக் கொரிய ஒலியிலேயே வாசிக்க ஜப்பானிய ஊடகங்கள் தொடங்கிவிட்டன.

அயலார் பதிவேட்டில் கைரேகை வைக்க மறுத்தோரின் அணியிலும் அவர் நின்றார். நிரந்தரமாய்க் குடியிருப்போருக்கு அக்கட்டாயம் 1993-இல் நீங்கியது. அதைக் கண்டபின், 1995-இல் அவர் மறைந்தார்.