புற்றுநோய் சிகிச்சையில் இருப்போர் லேசர், ஆர்.எஃப். அழகு சிகிச்சைகள் செய்துகொள்ளலாமா? அறிய வேண்டியவை

திருப்பதி: புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவருவோர், லேசர் முடிநீக்கம், ஆர்.எஃப். எனப்படும் ரேடியோ அலைச் சிகிச்சை, மைக்ரோநீட்லிங் உள்ளிட்ட கருவிவழி அழகு சிகிச்சைகளைத் தங்கள் புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதல் இன்றிச் செய்துகொள்ளக் கூடாது. இக்கருவிகள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்காக அல்ல. சிகிச்சைக் காலத்தில் நோயாளியின் தோலும் இரத்தமும் வழக்கமான நிலையில் இருப்பதில்லை என்பதே இதற்குக் காரணம்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களைச் சேர்ந்த நோயாளிகள், திருப்பதியிலுள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்திலும் (ஸ்விம்ஸ்), டாடா அறக்கட்டளைகளின் ஆதரவில் அமைக்கப்பட்டு 2022 மே 5 அன்று திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையிலும், அண்டை மாநிலத்தில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையிலும் சிகிச்சை பெறுகின்றனர். கீமோதெரபி பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வார இடைவெளியில் அளிக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் நோயாளி வீட்டில்தான் இருக்கிறார். உறவினர் திருமணம், வேலைக்குத் திரும்புதல், முடி உதிர்வால் ஏற்படும் மனச்சோர்வு ஆகியவை அழகு நிலையங்களை நாடச் செய்வதும் அந்நாட்களில்தான்.

ஆபத்து எதில்?

கீமோதெரபி அளிக்கப்பட்ட ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களில், பல மருந்துகளால் இரத்த அணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைகிறது. கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்குக் கீழ் சென்றால், சிறு கீறலும் கடும் தொற்றாக மாறலாம். ஊசிமுனைகளால் தோலைத் துளைக்கும் மைக்ரோநீட்லிங், புருவ மைக்ரோபிளேடிங் ஆகியவை அந்நேரத்தில் கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். தட்டணுக்கள் குறைந்திருந்தால் இரத்தக்கசிவும் ஏற்படும்.

மருந்துகள் சில தோலை ஒளிக்கு எளிதில் பாதிக்கப்படுவதாக மாற்றுகின்றன. 5-ஃப்ளூரோயூராசில், மெதோட்ரெக்சேட், டகார்பசின், வெமுராஃபெனிப் ஆகியவை இவ்வகையில் அறியப்பட்டவை. இவற்றைப் பெறுவோருக்கு லேசர் அல்லது ஐ.பி.எல். ஒளி செலுத்தினால், தீக்காயமும் நீங்காத கருந்தழும்பும் நேரக்கூடும்.

கதிர்வீச்சு பெற்ற தோல் மெலிந்து, காயம் ஆறும் திறனை இழந்திருக்கும். மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டிருந்தால், அந்தக் கையில் ஏற்படும் தீக்காயமோ தொற்றோ நிரந்தர வீக்கத்துக்கு வித்திடலாம். மார்பில் பொருத்திய கீமோ போர்ட், பேஸ்மேக்கர், மார்பக மறுசீரமைப்புக்கான உலோகப் பாகமுள்ள எக்ஸ்பாண்டர் ஆகியவற்றின் மேலோ அருகிலோ ஆர்.எஃப். அலைகளைச் செலுத்துவது தவிர்க்கப்பட வேண்டும்.

மச்சமும் 'முகப்பருவும்'

முடிநீக்கத்துக்கும் நிறத்திட்டுகளுக்கும் பயன்படும் லேசர் ஒளி, எக்ஸ்-கதிர் போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சு அன்று. எனினும், பரிசோதிக்கப்படாத கரும்புள்ளி அல்லது மச்சத்தின் மீது லேசரைச் செலுத்துவது வேறொரு சிக்கலை உண்டாக்கும். அது மெலனோமா எனும் தோல் புற்றுநோயாக இருந்தால், மேலுள்ள நிறம் மட்டும் மறைந்து, நோய் கண்டறியப்படாமல் அடியில் வளர வாய்ப்புண்டு. ஐயத்துக்குரிய மச்சத்தைத் தோல் மருத்துவர் முதலில் ஆராய வேண்டும்.

ஜெஃபிடினிப், எர்லோடினிப், செடுக்சிமாப் போன்ற இலக்குசார் மருந்துகளைப் பெறுவோருக்கு முகத்தில் பரு போன்ற தடிப்புகள் தோன்றுவது வழக்கம். இது முகப்பரு அன்று, மருந்தின் பக்கவிளைவு. இதற்கு அழகு நிலையத்தில் லேசரோ பீலிங்கோ செய்துகொள்வது தோலை மேலும் புண்ணாக்கும். மருந்து எழுதிய மருத்துவரிடம் தெரிவித்தால், மாத்திரை, களிம்பு அல்லது மருந்தளவு மாற்றத்தின் மூலம் கட்டுப்படுத்த இயலும்.

உலக அளவிலான எச்சரிக்கைகள்

பிறப்புறுப்பு 'புத்துணர்வு' என்ற பெயரில் விற்கப்படும் லேசர், ஆர்.எஃப். கருவிகள் குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரித்தது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சையால் முன்கூட்டியே மாதவிடாய் நின்ற பெண்களிடமும் இவை சந்தைப்படுத்தப்படுவதை அது சுட்டிக்காட்டியது. தீக்காயம், தழும்பு, நீடித்த வலி ஆகியவை பதிவாகியிருப்பதாகவும் தெரிவித்தது.

பல கருவிகளின் கையேடுகளில், புற்றுநோய் உள்ளவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற குறிப்பு காணப்படும். கேடு நிரூபிக்கப்பட்டது என்பது இதன் பொருளன்று. ஆய்வுகளில் புற்றுநோயாளிகள் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே பாதுகாப்புக்குச் சான்று போதவில்லை என்பதே பொருள்.

பயன் தரும் சிகிச்சைகளும் உண்டு

மருத்துவக் கண்காணிப்பில் இதே தொழில்நுட்பம் நோயாளிகளுக்கு உதவுகிறது. வாய்ப்புற்றுநோய் அறுவையில் மார்புத் தோலை எடுத்து வாயினுள் பொருத்தும்போது, அங்கு முடி வளர்ந்து உண்பதற்கு இடையூறாகும். அதனை லேசரால் நீக்குகின்றனர். கதிர்வீச்சுக்குப் பின் தோலில் தெரியும் சிவந்த நுண்குழாய்களை மறைக்கவும் லேசர் பயன்படுகிறது. கீமோவால் முடி உதிர்வதைக் குறைக்கும் தலைக் குளிர்விப்புக் கருவிக்கு அமெரிக்கா 2015-இல் அனுமதி வழங்கியது. ஆனால், லுகேமியா போன்ற இரத்தப் புற்றுநோய்களுக்கு அது ஏற்றதன்று.

திருமலையில் முடி காணிக்கை செலுத்த வேண்டிக்கொண்ட நோயாளிகள், இரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களைத் தவிர்த்து, தேதியை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது. சவரக் கத்தியின் சிறு வெட்டும் அந்நாட்களில் தொற்றுக்கு இடமளிக்கும்.

யார் செய்யலாம்?

இந்தியாவில் மருத்துவக் கருவிகள், மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இன் கீழ் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. ஆந்திரத்தில் தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் 2002-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்ப்பது அழகியல் சிகிச்சைக்குப் போதிய பயிற்சி ஆகாது எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெளிவுபடுத்தியது.

செல்லும் முன் கேட்க வேண்டியவை

* சிகிச்சையைச் செய்பவர் பதிவு பெற்ற மருத்துவரா?
* அண்மைய இரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில், தட்டணு அளவு என்ன?
* தற்போதைய மருந்து தோலை ஒளிக்கு எளிதில் பாதிக்கப்படுவதாக மாற்றுமா?
* கதிர்வீச்சு பெற்ற அல்லது கணுக்கள் அகற்றப்பட்ட பகுதியைத் தவிர்க்கிறார்களா?

சிகிச்சை எப்போது முடிந்தது, எந்த மருந்து தரப்பட்டது, எந்தப் பகுதி கதிர்வீச்சு பெற்றது ஆகியவற்றைப் பொறுத்துக் காத்திருக்க வேண்டிய காலம் மாறும். எல்லோருக்கும் பொதுவான கால அளவு இல்லை. ஏற்கெனவே இத்தகைய சிகிச்சையைச் செய்துகொண்டவர்கள் அதனைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், நிற்காத இரத்தக்கசிவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், அடுத்த கீமோ தேதி வரை காத்திராமல் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.