மேடை ஆம்ப்ளிஃபயர்களின் மின்வழங்கியும் சப்வூஃபரும்: ஒரு வரலாற்று ஆய்வு

மேடை ஒலியமைப்பில் வாட் பெருகிய வரலாறு பெரும்பாலும் வெளியீட்டுச் சுற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, அதன் பிறகு கிளாஸ் டி வந்தது என்று அது மூன்று கட்டங்களாகப் பிரிந்துவிடுகிறது. ஆனால் ஸ்பீக்கருக்குப் போகும் ஒவ்வொரு வாட்டும் மின்வழங்கியைக் கடந்துதான் வந்தாக வேண்டும். மேடை ஆற்றலின் எல்லையை ஒவ்வொரு காலத்திலும் நிர்ணயித்தது மின்வழங்கியே என்பதும், அந்த எல்லையை வெளிப்படையாகக் காட்டியது சப்வூஃபரே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1967இல் அமெரிக்காவின் கிரவுன் நிறுவனம் வெளியிட்ட டிசி-300, 8 ஓமில் சேனலுக்கு 150 வாட் தந்தது. 1974இல் கிரேட்ஃபுல் டெட் குழு எழுப்பிய 'வால் ஆஃப் சவுண்ட்' அமைப்பு, சேனலுக்கு 300 வாட் தரும் மக்கின்டோஷ் எம்சி-2300 ஆம்ப்ளிஃபயர்களை டஜன் கணக்கில் பயன்படுத்தியது. அவை ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல் எடை கொண்டவை. அந்த எடையில் பெரும்பங்கு மின்மாற்றியுடையது. ஒரே மின்னழுத்தத்துக்கு, அதிர்வெண் குறையக் குறைய உள்ளகம் தாங்க வேண்டிய காந்தப்பாயம் கூடும். ஆகவே 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் இயங்கும் மின்மாற்றிக்கு இரும்பும் செம்பும் நிறைய வேண்டும். மின்தேக்கியின் சேமிப்புக்கும் எல்லை உண்டு. வெளியீட்டுச் சுற்றுக்கு ஊட்டும் 100 வோல்ட் மின்கோட்டில், அதாவது ரெயிலில், 20,000 மைக்ரோஃபாரட் வைத்தால் தேங்குவது 100 ஜூல். மின்னழுத்தம் 80 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் அதிலிருந்து எடுக்கக்கூடியது 36 ஜூல் மட்டுமே. 1,000 வாட் கேட்டால் அது 36 மில்லிசெகண்டில் தீர்ந்துவிடும். 40 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கே 25 மில்லிசெகண்ட் ஆகிறது. டிரம் அடியின் உச்சத்தை இந்தச் சேமிப்பு ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் சப்வூஃபரில் நொடிக்கணக்கில் நீளும் மின்னணு இசையின் பேஸுக்கு மின்மாற்றி இடைவிடாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரும்பைக் குறைக்கும் முயற்சியில் 1980 வாக்கில் பாப் கார்வர், டிரையாக் கொண்டு மெயின்ஸ் அலையை வெட்டிச் சிறிய மின்மாற்றிக்குக் கொடுத்தார். அது துணிச்சலான இடைக்கால ஏற்பாடு. ஆனால் அதிர்வெண் மெயின்ஸிலேயே நின்றுவிட்டது. 1970களின் இறுதியில் சந்தைக்கு வந்த பவர் மாஸ்ஃபெட்தான் அடுத்த வாசலைத் திறந்தது. மெயின்ஸை முதலில் நேர்மின்னாக்கி, பல்லாயிரம் ஹெர்ட்ஸில் வெட்டினால், கையடக்கமான ஃபெரைட் மின்மாற்றியே கிலோவாட்டைக் கடத்தும். (அதிர்வெண் ஆயிரம் மடங்கு ஏறினாலும் அளவு ஆயிரம் மடங்கு குறைவதில்லை, ஃபெரைட் தாங்கும் காந்தச் செறிவு இரும்பைவிட மிகக் குறைவு.) 1994இல் கியூஎஸ்சி வெளியிட்ட பவர்லைட் வரிசையும், சுவீடனின் லேப் குரூப்பன் எஃப்பி வரிசையும் இந்த எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்ச்-மோட் மின்வழங்கி) முறையை மேடைக்குக் கொண்டுவந்தன.

கிளாஸ் டி இல்லாவிட்டால் இந்த ஆற்றல் ஏது என்று கேட்கலாம். பவர்லைட்டின் வெளியீட்டுச் சுற்று கிளாஸ் டி அல்ல என்பதே அதற்கு விடை. எடை முதலில் குறைந்தது மின்வழங்கியில்தான். வெப்பத்தைக் குறைத்து அடுத்த பாய்ச்சலுக்கு உதவியது கிளாஸ் டி என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதுவும் மின்வழங்கிக்கு ஒரு புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது. அரைப்பாலச் சுற்றில், தாழ்ந்த அதிர்வெண்ணின்போது, ஒரு ரெயிலிலிருந்து எடுத்த ஆற்றலில் ஒரு பகுதி எதிர் ரெயிலுக்குத் திரும்பி, அதன் மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். முழுப்பாலச் சுற்றில் இது பெருமளவு நீங்கிவிடும்.

பேஸுக்குக் கனமான இரும்பே உகந்தது என்ற எதிர்வாதம் இதைவிட வலுவானது. களத்தில் உழைத்தவர்களின் அனுபவத்திலிருந்து வந்ததால் அதை எளிதில் ஒதுக்கக் கூடாது. பெரிய மின்மாற்றி மெதுவாகத்தான் சூடேறும். மிகைச்சுமையைச் சில நிமிடம் பொறுக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பாதுகாப்புச் சுற்றோ உடனே மின்னோட்டத்தை வெட்டிவிடும். எனினும் இது அந்தந்த வடிவமைப்பின் அளவைப் பற்றிய குறையே, முறையின் குறையல்ல. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மெயின்ஸ் பக்கத்தில் 385 வோல்ட்டில் 2,000 மைக்ரோஃபாரட் வைத்தால், 300 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் 58 ஜூல் கிடைக்கிறது. முன்சொன்ன ரெயிலின் மின்தேக்கத்தில் பத்தில் ஒரு பங்கே அதைவிடக் கூடுதலாகத் தருகிறது. ஒழுங்குபடுத்தும் சுற்று இருந்தால் வெளியீட்டு ரெயிலும் தொய்வதில்லை.

மெயின்ஸ் மின்னோட்டத்தை மின்னழுத்த அலையின் வடிவத்தோடு ஒத்துப்போகச் செய்யும் திறன் காரணித் திருத்தம் வந்தபோதுதான் மாற்றம் முழுமை பெற்றது. சாதாரண ரெக்டிஃபையரின் திறன் காரணி 0.65 என்று கொண்டால், 230 வோல்ட், 16 ஆம்பியர் இணைப்பிலிருந்து கிடைப்பது சுமார் 2,400 வாட். திருத்தம் இருந்தால் அது 3,680 வாட்டை நெருங்கும். 1995இல் ஃபுளோரன்ஸில் தொடங்கிய பவர்சாஃப்ட், இந்தத் திருத்தத்தையும் கிளாஸ் டியையும் இணைத்தது. அதன் கே-20, 44 மில்லிமீட்டர் உயரத்தில், 2 ஓமில் சேனலுக்கு 9,000 வாட் என்று அறிவிக்கப்பட்டது. 32 ஆம்பியர் இணைப்பே 7,360 வாட்டுக்கு மேல் தராது என்னும்போது, இரு சேனலின் 18,000 வாட் என்பது குறுகிய உச்சத்தின் அளவாகத்தான் இருக்க முடியும். எத்தனை மில்லிசெகண்டுக்கு அது நிற்கும், அதன்பின் எந்த அளவுக்கு இறங்கும் என்பதை வாட் எண்ணுக்குப் பக்கத்திலேயே எல்லா உற்பத்தியாளர்களும் அச்சிட வேண்டும்; சப்வூஃபருக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்குவோரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.