எங்கே தொடங்குவது? தொண்டின் களம் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

நமது கழகத்தின் பொதுக்குழுவில் ஆண்டு தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. கையிருப்புத் தொகை சிறிது, உழைக்க முன்வரும் இளைஞர்கள் சிலர், ஊர்களோ பல. எந்த ஊருக்கு முதலில் போவது? எந்தப் பணியை முதலில் எடுப்பது? இவ்வினாவை முதன்முதலாக எழுப்பியவர்கள் நாம்தாம் என்று எண்ண வேண்டா. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கடலிற் சென்றுகொண்டிருந்த கப்பலொன்றில் அமர்ந்து அண்ணல் அம்பேத்கர் இதற்கு விடை எழுதியிருக்கிறார். அந்த வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

1932ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன் தொடர்ச்சியாக அம்மாத இறுதியிலேயே பம்பாயில் தீண்டாமை எதிர்ப்புக் கழகம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. ஜி. டி. பிர்லா அதன் தலைவர். அமிர்தலால் தக்கர் பொதுச் செயலாளர். ஹரிஜன சேவா சங்கம் என்று பின்னாளில் நாடெங்கும் அறியப்பட்டது இதுவே. மூன்றாம் வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டனுக்குச் சென்றுகொண்டிருந்த அம்பேத்கர், நவம்பர் 14ஆம் நாள் ‘விக்டோரியா’ என்னும் கப்பலிலிருந்து தக்கருக்கு நீண்ட கடிதம் ஒன்று வரைந்தார். கழகம் தன் பணத்தையும் உழைப்பையும் எதில் செலுத்த வேண்டும் என்பதே அக்கடிதத்தின் பொருள்.

அவர் சொன்னதன் சாரம் இது. தாழ்த்தப்பட்டோரின் இழிநிலைக்கு இரண்டு விளக்கங்கள் கூறப்படுகின்றன. தனி மனிதனின் ஒழுக்கக் குறைவே காரணம் என்பது ஒன்று. அவனைச் சூழ்ந்துள்ள சமுதாயமே காரணம் என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தை ஏற்பவர் மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூல்நிலையம், கூட்டுறவு, பள்ளிக்கூடம் என்று தொடங்குவர். அதனால் சிலர் மேலே வரலாம். வகுப்பு முழுவதும் எழாது. ஆகவே கழகம் தன் ஆற்றலைச் சிதறவிடாமல் இரண்டாவதையே பற்றிக்கொள்ள வேண்டும் என்றார். ஊர்க் கிணற்றில் நீர் எடுத்தல், ஊர்ப் பள்ளியில் சேர்தல், சாவடியில் அமர்தல், பொது வண்டியில் ஏறுதல் ஆகிய குடியுரிமைகளைக் கிராமந்தோறும் நிலைநாட்டுவது முதற்பணி. பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவு நம்மவர்க்கு அடைக்கப்பட்டிருந்தது; அத்தகைய வேலைக் கதவுகளைத் திறப்பது அடுத்தது. சாதி இந்துக்களின் இல்லங்களில் விருந்தினராகவோ பணியாளராகவோ நம்மவர் புழங்கும் நிலையை உண்டாக்குவது மூன்றாவது. இவற்றால் ஊர்களில் கலகம் மூளக்கூடும் என்பதை அவர் மறைக்கவில்லை. அதற்கு அஞ்சினால் பணியே நடவாது என்றும் எழுதினார். இவற்றையெல்லாம் செய்யும் தொண்டர்கள் இயன்றவரை ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்தே வர வேண்டும், அன்புடையவரே இப்பணியில் நிலைப்பர் என்பதும் அவர் வேண்டுகோள்.

அக்கடிதம் கிடைத்தது என்ற ஒரு வரிகூடத் தமக்கு வரவில்லை என்று அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட தம் நூலில் குறித்துள்ளார். சங்கத்தின் நிருவாகத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கு இடமில்லையா என்று கேட்டபோது, இது பாவம் செய்தவர் கழுவாய் தேடும் அமைப்பு, ஆகவே அவர்களே நடத்துவர், நீங்கள் ஆலோசனைக் குழு அமைத்துக்கொள்ளலாம் என்னும் கருத்துப்படக் காந்தியடிகள் விடை தந்தார். கடன்பட்டவன் கடனைத் தீர்க்கிறான் என்பது அவரது வாதம். எந்தக் கடனை, எந்த ஊரில், எந்த வடிவில் தீர்ப்பது என்பதைக் கடன் கொடுத்தவன் அல்லவோ சொல்ல வேண்டும்? வகுப்பில் இப்பாடம் நடத்துகையில் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு மாணவன் இதைக் கேட்டுவிடுகிறான்.

ஆயினும் நேர்மை வேண்டும். அச்சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமை தாங்கிய மதுரை ஏ. வைத்தியநாத ஐயரின் பணியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அவர் பேணிய மதுரைச் சேவாலயம் விடுதியில் உண்டு உறங்கிப் படித்தவர் பலர். 1939 ஜூலை 8ஆம் நாள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவரை அழைத்துச் சென்றவரும் அவரே. அன்று உடன் சென்றவருள் பின்னாளில் அமைச்சராகிய பி. கக்கனும் ஒருவர்.

வேறொரு வழியைச் சுவாமி சகஜானந்தர் காட்டினார். நம்மவருள் ஒருவராகிய அவர், மாகாணம் முழுவதும் அலைந்து ஊருக்கொரு கல் நாட்ட முற்படவில்லை. நந்தனார் பெயர் வழங்கும் சிதம்பரத்தையே களமாகத் தேர்ந்து, 1916இல் நந்தனார் பெயரிலேயே கல்விக் கழகமும் பள்ளியும் கண்டார். 1959இல் மறையும்வரை அவர் அவ்வூரைவிட்டு அகலவில்லை.

அம்பேத்கர் தாமே என்ன செய்தார்? 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி; 1945இல் மக்கள் கல்விக் கழகம்; 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. பள்ளியும் நூல்நிலையமும் போதா என்று 1932இல் எழுதியவர் கல்லூரி கட்டியது முரண் அன்றோ என்று சிலர் கேட்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பிறர் இரக்கத்தால் கொடுக்கும் சிறு கல்விக்கும், நாமே நடத்தும் உயர்கல்விக்கும் உள்ள வேற்றுமையை அவர் அறிந்திருந்தார். இன்னும் கூர்ந்து நோக்க வேண்டியது 1950ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அடுத்த கல்லூரியைப் பம்பாயிலேயே தொடங்கியிருந்தால் மாணவரும் ஆசிரியரும் எளிதிற் கிடைத்திருப்பர். அவரோ நிசாம் ஆட்சியின் கீழ் நெடுங்காலம் பின்தங்கிக் கிடந்த மராத்வாடாவைத் தேர்ந்து ஔரங்காபாத்தில் அதை நிறுவினார். அதுவே மிலிந்த் கல்லூரியாயிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். (2022இல் சட்டப்பேரவையில் இரும்பின் தொன்மை பற்றிப் பேசப்பட்ட மயிலாடும்பாறை கிருட்டிணகிரி மாவட்டத்தது, நம்முடையதன்று. மாணவர்கள் பெருமையோடு வந்து சொன்னபோது இதைத் தெரிவிக்க எனக்கே வருத்தமாயிருந்தது.) மலைக்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கு 1895 முதல் பெரியாற்று நீரால் இருபோகம் கண்டது. நம் பக்கமோ மூல வைகையில் மழைநாளில் ஓடும் நீரையும் இலவம் பஞ்சையும் நம்பியது. பேருந்து, வங்கி, கல்லூரி, தொண்டு நிறுவனம் எல்லாம் பெருஞ்சாலையும் நீரும் உள்ள பக்கத்தையே முதலில் நாடின.

இதற்கு விலக்கும் உண்டு. 1983இல் தோன்றிய பிரதான் நிறுவனத்திலிருந்து கிளைத்து, 1997இல் தானம் அறக்கட்டளையாக மலர்ந்த அமைப்பின் களஞ்சியம் பணி நம் கடமலைக்குண்டிலும் வேர்விட்டது. மாவட்டமெங்கும் குழுக்களைத் தூவாமல் ஒரு வட்டாரத்தை எடுத்து, பதினைந்து இருபது பெண்கள் கொண்ட குழுக்களாகச் சேமிக்கச் செய்து, குழுக்களை இணைத்து வட்டார சங்கமாக்குவது அவர்கள் முறை. கந்துவட்டிக்காரன் வாசலில் நின்ற நம் தாய்மார் கணக்கேட்டைக் கையில் எடுத்தது அவ்வாறுதான். என் அத்தை ஒருவர் கையெழுத்துப் போடக் கற்றது அறுபதாம் வயதில், அக்குழுவில்.

நம் கழகமோ தொடக்க ஆண்டுகளில் நேர்மாறாக நடந்தது. எவ்வூரையும் விடலாகாது என்று எல்லாக் குடியிருப்புகளுக்கும் குறிப்பேடும் எழுதுகோலும் வழங்கினோம். அத்தீர்மானத்தை முன்மொழிந்தவன் அடியேன்தான், கைதட்டலும் பெற்றேன். மறு ஆண்டு அதே பட்டியலை எடுத்துக்கொண்டு சென்றபோது, மலையடி ஊர் ஒன்றில் எட்டாம் வகுப்பு முடித்த பெண்கள் ஒருவர்கூடப் பள்ளியில் இல்லை. உயர்நிலைப் பள்ளிக்கு நெடுந்தொலைவு. மாலையில் திரும்பப் பேருந்து இல்லை. ஒரு சிறுமி, நாம் கொடுத்த குறிப்பேட்டில் இலவங்காய் உடைத்த கூலிக் கணக்கை அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அவள் அதை என்னிடம் காட்டியது பெருமையோடுதான். குனிந்த தலையோடு வந்தேன்.

அதன் பின்னர்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றினோம். யார் அதிகம் கேட்கிறார்கள் என்று பார்ப்பதை விட்டோம். கேட்பவர் பெரும்பாலும் சாலையோரத்தார். அவர்களுக்குக் கேட்கத் தெரியும். எந்த ஊரில் எந்த வகுப்போடு பிள்ளைகள் நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்று வீடு வீடாகக் குறித்தோம். அக்குறிப்பை எடுத்தவர்கள் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளே. அதன்படி மூன்று குடியிருப்புகளை மட்டும் ஏற்றோம். சாலையோர ஊர்க்காரர்கள் சிலர் சந்தா கொடுப்பதையே நிறுத்திவிட்டனர். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. அவர்கள் வீட்டிலும் வறுமை இருக்கிறது.

இவ்வெள்ளிவிழா ஆண்டில் இரண்டு திட்டங்கள் பொதுக்குழு முன் உள்ளன. தேனியில் கல்லூரி மாணவர்க்கு விடுதி ஒன்று என்பது ஒரு சாரார் கருத்து. வருசநாட்டுப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் மேனிலை வகுப்புவரை தங்கிப் படிக்க இங்கேயே ஒரு வீடு என்பது மறு சாரார் கருத்து. இரண்டுக்கும் பணம் போதாது. என் வாக்கு பின்னதற்கே. மேனிலை முடிக்காதவள் தேனி விடுதிக்கு எவ்வாறு வருவாள்? ஆனால் முன்னதை ஆதரிக்கும் இளைஞர்கள் ஔரங்காபாத்தையும் சித்தார்த்தா கல்லூரியையும் எடுத்துக்காட்டி என்னை மடக்குகிறார்கள். அவர்களுக்கு அவ்வரலாற்றைக் கற்பித்தவனும் நானே. சித்திரையில் கூடும் பொதுக்குழுவிற்கு மலையடி ஊர்ப் பெண்களும் வந்து வாக்களிக்கும் பொருட்டு, அன்று மட்டும் ஒரு வேன் ஏற்பாடு செய்யச் செயலாளர் இசைந்திருக்கிறார்.