விசா கேட்காத கப்பலில் போனவர்கள்

இலங்கைப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஆசியாவில் எங்கெங்கே சுற்றலாம் என்று கணக்குப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சிங்கப்பூருக்கு விசா எடுக்கத் தேவையில்லை. மாலைதீவில் போய் இறங்கினால் அங்கேயே தருவார்கள், நேபாளத்திலும் அப்படித்தான். தாய்லாந்தும் 2024 இல் எங்களுக்குக் கதவைத் திறந்தது. ஆனால் தலைமன்னாரில் இருந்து முப்பது சொச்சம் கிலோமீற்றரில் இருக்கிற இந்தியாவுக்குப் போக முதலே விண்ணப்பம் நிரப்பவேண்டும். அப்பப்பா, அம்மப்பா ஆட்கள் பாகிஸ்தானியரா என்ற கேள்விக்கும் அதில் பதில் சொல்லவேண்டும்.

வீட்டில் வயதானவர்களிடம் இதைச் சொன்னால் "அந்தக் காலத்தில..." என்று தொடங்குவினம். மெட்ராஸுக்குப் போய்க் கூறைச்சேலை எடுத்தது, சிதம்பரத்தில் தேர் பார்த்தது, சுடச்சுடப் புதுப்படம் பார்த்திட்டு வந்தது. நாங்கள் கேட்டுக் கேட்டு வளர்ந்த கதைகள்தான், பொய்யில்லை. (அதில் பாதி, விசா வந்த பிறகு நடந்தவை என்பது வேறு விடயம்.) ஆனால் அந்தக் கதைகளில் வராத ஆட்களும் அதே கப்பலில்தான் வந்தார்கள். இந்த எல்லையில் விசா என்ற ஒன்று ஏன் வந்தது என்பதற்கு அவர்களின் கதைதான் பதில்.

1914 மார்ச்சில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. பாம்பன் பாலம் அதற்குச் சில நாள் முதல்தான் திறந்திருந்தது. மெட்ராஸில் ஒரு டிக்கெட் எடுத்தால் ரயில், கப்பல், திரும்ப ரயில் என்று கொழும்பு வரைக்கும் அந்த ஒரே டிக்கெட்டில் வரலாம். இரண்டு பக்கமும் பிரித்தானிய ஆட்சி, எனவே பாஸ்போர்ட் கேட்க ஆள் இல்லை. பிறகு 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானமும் இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறையில் இறங்கி மெட்ராஸுக்குத்தான் பறந்தது.

ஆனால் எல்லோருக்கும் அந்தப் பாதை ஒரே மாதிரித் திறந்திருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவர 'தகர டிக்கெட்' என்று ஒரு முறை இருந்தது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த சின்னத் தகரத் துண்டு. அதைக் காட்டினால் தோட்டம் வரை வந்து சேரலாம். எங்களைக் கேட்டால், இந்த இரண்டு கரைக்கும் நடுவில் வழங்கிய முதல் பயண ஆவணம் அதுதான். அதில் பெயர்கூட இல்லை.

கப்பல் வந்த பிறகு மண்டபம் முகாம் வந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. தோட்டத்துக்கு வரும் தொழிலாளர்களைத் தொற்றுநோய்க்குப் பயந்து சில நாட்கள் அங்கே அடைத்துவைத்து, அம்மைப்பால் குத்தி, பிறகுதான் கப்பலேற்றினார்கள். முதல் வகுப்புப் பெட்டியில் வந்தவருக்கு அந்தச் சிறைவாசம் இல்லை. "அப்ப விசாவே இல்லை" என்று நாங்கள் பெருமூச்சு விடும்போது, எந்தப் பெட்டியில் இருந்து அதைச் சொல்கிறோம் என்றும் பார்க்கவேண்டும்.

முதலில் கதவைச் சாத்தியது இந்தியா. 1939 இல் இலங்கை அரசு தன் வேலைகளில் இருந்து இந்தியத் தினக்கூலிகளை நீக்கியபோது, அதே ஓகஸ்டில் பயிற்சியற்ற தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு தடைசெய்தது. பிறகு சுதந்திரம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி நாங்கள் நிறையப் பேசுகிறோம். மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை அது நாடற்றவர்களாக்கியது. அதே ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதுதான் குடிவரவு குடியகல்வுச் சட்டம். 1949 நவம்பர் 1 இல் அது நடைமுறைக்கு வந்தது. பல திருத்தங்களுக்குப் பிறகும், இன்றைக்குக் கட்டுநாயக்காவில் முத்திரை குத்தும் அதிகாரி அந்தச் சட்டத்தின் கீழ்தான் குத்துகிறார். இரண்டு சட்டங்களையும் சேர்த்து வாசித்தால்தான் விளங்கும். முதலாவது சட்டம் ஒருவரிடம் இருந்து நாட்டைப் பறிக்கிறது. இரண்டாவது, ஏதாவது ஒரு நாட்டின் பாஸ்போர்ட் இல்லாமல் கடல் தாண்டக்கூடாது என்கிறது. அட்டனில் பிறந்த ஒருவர் தாய் செத்துப்போனாள் என்று புதுக்கோட்டைக்குப் போனால், திரும்பி வர அவருக்குச் சட்டப்படி வழியில்லை. தோணிதான் வழி.

'கள்ளத்தோணி' என்ற வசவு உரம்பெற்றது இந்தச் சட்டத்தின் நிழலில்தான். வல்வெட்டித்துறையில் இருந்து வேதாரணியத்துக்குத் தோணி ஓடியது புதிதில்லை. அதைக் கள்ளமாக்கும் சட்டம்தான் புதிது. 1952 இல் தென்னிந்தியாவில் இருந்து வருபவர்களைப் பிடிக்க இராணுவத்தைக் கரையோரத்தில் இறக்கினார்கள். அதற்குப் பெயர் 'மொன்டி நடவடிக்கை'. 1963 இல் அது தனிப் படையணியாக வளர்ந்து 1981 வரை இருந்தது. வடக்குக் கரையில் இராணுவம் நிரந்தரமாக நிற்கத் தொடங்கிய கதையை 83 இல் இருந்து சொல்லிப் பழகிவிட்டோம், கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். அந்த வசவைச் சிங்களப் பேரினவாதிகள் மட்டும்தான் சொன்னார்கள் என்றும் இல்லை. யாழ்ப்பாணத்து வீடுகளிலும் மலையகத்துப் பிள்ளைகளை அப்படிக் கூப்பிட்டிருக்கிறோம்.

1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதினார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று. இரண்டு மாதத்தில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. இந்த முறை அது ஆட்களைத் திருப்பிக் கொண்டுபோனது. மண்டபம் முகாம் இப்போது திரும்பி வருபவர்களுக்கு. 83 க்குப் பிறகு அதே முகாம் அகதிகளுக்கு. 2022 இல் பாண் விலையும் பால்மா விலையும் தாங்காமல் மன்னாரில் இருந்து தோணியேறியவர்களையும் அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள்.

சட்டம் தளர்ந்த இடங்களும் உண்டு. 1974 கச்சதீவு ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் அங்கே வர இலங்கையின் விசா தேவையில்லை என்கிறது. 1992 இல் சார்க் நாடுகள் விசா விலக்குத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தன. 24 வகையினருக்கு அது கிடைக்கும்: அமைச்சர்கள், நீதிபதிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், இப்படி. விசா வரிசையில் ஒருநாளும் நிற்காதவர்களுக்கு வரிசையில் இருந்து விலக்கு! எங்களைப் போன்றவர்களுக்கு 2015 சித்திரைப் புத்தாண்டில் இந்தியாவின் மின்விசா வந்தது. 2019 இல் பலாலி திறந்தது, 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் வந்தது, நின்றது, அடுத்த ஓகஸ்டில் திரும்ப வந்தது.

இப்போது பயணம் சுகம்தான். ஆனால் விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு பெட்டி இருக்கிறது. 64 ஒப்பந்தத்தில் போனவர்களில் கணிசமானோரை நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றினார்கள். அக்கா கோத்தகிரியில், தம்பி கொட்டகலையில் என்று பிரிந்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அக்காவைப் பார்க்கப் போகும் தம்பி அந்தப் பெட்டியில் சுற்றுலா என்றுதான் நிரப்புகிறார்.