வேலைக்குத் திரும்பிய நாளும் கை தேறிய நாளும்: தொராசிக் அவுட்லெட் அறுவைக்குப் பிந்தைய மீட்சி குறித்து ஒரு மறுவாசிப்பு

தொராசிக் அவுட்லெட் நோய்க்கு அறுவை செய்துகொண்ட தொழிலாளி தேறினாரா என்னும் வினாவுக்கு, அவர் வேலைக்குத் திரும்பினாரா என்பதைக் கொண்டே விடை சொல்லும் வழக்கம் இத்துறை ஆய்வுகளில் வேரூன்றியிருக்கிறது. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலும் இரத்தக் குழாய்களும், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலோ, அதற்குச் சற்று மேலே ஸ்கேலின் எனப்படும் கழுத்துத் தசைகளுக்கு இடையிலோ நெருக்குண்பதே இந்நோய். முதல் விலாவை அகற்றி, அதனோடு இணைந்த அத்தசைகளை விடுவிப்பதே வழக்கமான அறுவை. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நரம்பு நெருக்கமே காணப்படுவதால் இக்கட்டுரை அவ்வகையோடு நிற்கிறது. 1981இல் டெர்காஷும் உடனாய்வாளர்களும் கையாண்ட நான்கு படி அளவுகோல், எஞ்சிய வலியையும் பழைய தொழிலுக்கும் ஓய்வுநேரச் செயல்களுக்கும் திரும்பும் எளிமையையும் சேர்த்தே எடைபோட்டது. ஆனால், இவற்றுள் பதிவேட்டிலிருந்து எளிதாக எண்ணி எடுக்கத்தக்கது வேலைக்குத் திரும்பிய நாள் ஒன்றே என்பதால், தொழிலாளர் பற்றிய வாதங்களில் அதுவே முன்னிற்கிறது. திருப்பூருக்குத் தெற்கே பல்லடம் சாலையில் அமைந்து, 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த வீரபாண்டி போன்ற பனியன் தொழில் பகுதியில் வைத்துப் பார்க்கும்போது, இவ்வளவுகோல் அளப்பது கையை அன்று, கூலி வழங்கும் முறையையே என்பது இக்கட்டுரையின் துணிபு.

விவாதத்தின் மையத்தில் இருப்பது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு ஃபிராங்க்ளினும் உடனாய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் ‘நியூராலஜி’ இதழில் வெளியிட்ட ஆய்வாகும். அறுவை செய்துகொண்ட 158 தொழிலாளர்களில் 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் வேலை செய்ய இயலாதவராகவே இருந்தனர் என்பது அதன் தலையாய முடிவு. இதை எடுத்தாளும் ஆய்வு மரபு ஒன்று, உடலுழைப்பாளருக்கு இவ்வறுவை பயன் தராது என்ற முடிவை அதிலிருந்து வருவித்து, அதை ஏறத்தாழ ஐயத்துக்கு அப்பாற்பட்ட செய்தியாகவே வழங்கிவருகிறது. தரவின் நேர்மையிலோ எண்ணிக்கையிலோ இங்கு ஐயமில்லை. அது எதைப் பற்றிய தரவு என்பதில்தான் கருத்து வேறுபாடு.

அவ்வாய்வே தரும் மற்றொரு செய்தி போதிய கவனம் பெறவில்லை. ஓராண்டுக்குப் பின்னும் இயலாமை நீடிக்கும் என்பதை முன்னறிவித்த காரணிகளில் வலுவானவை மூன்று: அறுவைக்கு முன்பே வேலையின்றிக் கழிந்த காலம், காயத்துக்கும் நோய் கண்டறியப்பட்டதற்கும் இடையே ஏற்பட்ட தாமதம், காயமுற்றபோது இருந்த வயது. இம்மூன்றும் தொழிலாளி அறுவை அரங்குக்குள் நுழையும் முன்பே முடிவாகிவிட்டவை. கத்தியின் தோல்வியைச் சொல்வதாகக் கருதப்படும் ஓர் ஆய்வு, தன் விளைவைக் காலத்தாழ்வைக் கொண்டும் வயதைக் கொண்டும் விளக்குமாயின், அதை அறுவையின் மீதான தீர்ப்பாகக் கொள்வது பொருந்தாது. மேலும், அம்மாநிலத்தில் பணிக்காயத்தால் வேலையிழந்தவருக்கு ஊதியத்தில் 60 முதல் 75 விழுக்காடு வரை, குடும்பநிலைக்கு ஏற்ப, மருத்துவர் பணிக்குத் தகுதி என்று சொல்லும் வரை வழங்கும் ஏற்பாடு உண்டு. பழைய வேலை கழுத்தை மீண்டும் நெருக்கும் வேலையாக இருந்தால், அங்கே தொழிலாளி காத்திருக்க இயலும். அவர் காத்திருந்த நாள்கள் பதிவேட்டில் ‘இயலாமை’ என்று ஏறின.

வீரபாண்டியில் இதே அளவுகோலைப் பொருத்தினால் பிழை எதிர்த்திசையில் போகும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குத் தைக்காத நாளுக்குக் கூலி இல்லை. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வாடகையும் வாரத் தவணையும் கட்டும் குடும்பத்தில், தையல் பிரித்த வடு ஆறும் முன்பே பவர் டேபிளில் உட்கார்ந்தாக வேண்டிய நெருக்கடி வருகிறது. ஓவர்லாக்கில் உட்கார முடியாதவர் கைமடியாகவோ செக்கிங்குக்கோ குறைந்த கூலிக்கு மாறுவார். மாறியவரும் ‘வேலைக்குத் திரும்பியவர்’ என்றே எண்ணப்படுவார். ஆக, ஒரே அளவுகோல் ஓரிடத்தில் தோல்வியை மிகைப்படுத்தவும் மற்றோரிடத்தில் வெற்றியை மிகைப்படுத்தவும் வல்லது.

திரும்பிச் செல்லும் வேலை என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். ஓவர்லாக் எந்திரத்தில் இருப்பவர் தலையை முன்னே தாழ்த்தி, தோள்களைச் சற்றே உயர்த்தி, இடப்புறக் கட்டிலிருந்து துணியை எடுத்து, இரு கைகளாலும் விளிம்பை ஒன்றுசேர்த்து ஊசிக்கும் கத்திக்கும் ஊட்டி, தைத்த பீஸை அப்பால் தள்ளிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுகிறார். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் பகல் கழிந்து இரவு வரை இந்த அசைவே திரும்பத் திரும்ப நிகழ்கிறது. தலை முன்வந்த இந்நிலையில் ஸ்கேலின் தசைகளும் மார்பின் சிறு பெக்டோரல் தசையும் சுருங்கியே நிற்பதால், அறுவை உண்டாக்கித் தந்த இடைவெளியை அத்தசைகளும் வடுவும் சேர்ந்து மீண்டும் குறுக்கக்கூடும். நூல் அறும்போதெல்லாம் எந்திரத்துக்கு மேலே ஸ்டாண்டில் இருக்கும் கோனை நோக்கிக் கை உயர்கிறது. இந்நோயைக் கண்டறிய மருத்துவர் செய்யும் ரூஸ் சோதனையில், நோயாளி இரு கைகளையும் தோள் மட்டத்துக்கு உயர்த்தி மூன்று நிமிடம் விரல்களை மூடித் திறக்க வேண்டும். அங்கே மூன்று நிமிடத்துக்கு மட்டும் சோதனையாக வைக்கப்படும் நிலையின் சாயல், இங்கே தொழிலின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

அறுவையின்போது நீள்மார்பு நரம்பு பாதிக்கப்பட்டால் தோள்பட்டை எலும்பு பின்னே புடைத்து நிற்கும். கையைத் தோளுக்கு மேல் உயர்த்தும்போதுதான் அக்குறை முழுதாக வெளிப்படும். மேசை மட்டத்தில் கைகளை வைத்துத் தைக்கும்வரை அது மறைந்திருக்கலாம். அதனால் எந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கை தேறிவிட்டதென்று மேஸ்திரியும் குடும்பமும் நம்பிக்கொண்டிருக்க, அவரோ வீட்டில் கொடியில் துணி உலர்த்தவும் தலை பின்னவும் இயலாமல் இருக்கக்கூடும். வீட்டு வேலைக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

இனி, உடல் கேட்கும் காலம். நெறிமுறைகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறினாலும், முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் பளு தூக்காமல் மென்மையான கழுத்து, தோள் அசைவுப் பயிற்சிகளோடு நிற்பதும், அதன்பின் படிப்படியாகத் தசை வலுவூட்டுவதும், கையை உயர்த்திச் செய்யும் கடும் வேலைக்கு மூன்று மாதமாவது காத்திருப்பதும் பொதுவான ஒழுங்கு. நரம்பிழையே சிதைந்திருந்தால் கணக்கு இன்னும் நீளும். சிதைந்த இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்வதாகக் கொண்டால் ஓராண்டில் 36 சென்டிமீட்டரே கடக்கும். கழுத்தடியிலிருந்து உள்ளங்கைத் தசை வரையுள்ள தொலைவு அதைவிட மிகக் கூடுதல். கட்டைவிரலடித் தசை மெலிந்துவிட்ட, 1970இல் கில்லியட் விவரித்த வகை நோயாளிக்கு அத்தசை மீண்டும் நிரம்புவது அரிது. பெரும்பாலோருக்கு இத்தகைய இழைச் சிதைவு இருப்பதில்லை என்பதால் இக்கணக்கை எல்லார்க்கும் பொதுவாக்குவது தவறு. ஆயினும் ஓராண்டு என்னும் எல்லைக்கோடு நரம்பின் இயல்பிலிருந்து பிறந்ததன்று என்பதை இது தெளிவாக்குகிறது.

இந்தக் காலத்தோடு தொழிலாளர் அரசுக் காப்பீட்டு ஏற்பாட்டை ஒப்பிட வேண்டும். இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவருக்கு நோய்க்கால உதவி சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு. ஆண்டுக்கு 91 நாள் மட்டும். வலுவூட்டும் பயிற்சி பலன் தரத் தொடங்கும் கட்டத்தில் பணம் நின்றுவிடுகிறது. நீண்டகால நோய்களுக்கென 80 விழுக்காடு ஊதியத்தை இரண்டு ஆண்டுகள் வரை தரும் நீட்டித்த உதவி உண்டு; அதற்குரிய பட்டியலில் முதுகெலும்பு இடைவட்டுப் பிதுக்கம் இடம்பெறுகிறது, தொராசிக் அவுட்லெட் இடம்பெறவில்லை. கையை மரக்கச் செய்யும் நரம்பு கழுத்தெலும்பின் வட்டில் நசுங்கினால் ஒரு நீதி, நான்கு விரற்கடை கீழே விலாவில் நசுங்கினால் வேறொரு நீதி என்பதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் தென்படவில்லை. தொழில்நோய் அட்டவணையில் பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்க, தையல் மேசையில் வரும் இந்நோய்க்கு அங்கும் பெயரில்லை. அதனால் பணிக்காயத்துக்கு உரிய 90 விழுக்காட்டு உதவியை நாடும் தொழிலாளி, தம் வேலையே காரணம் என்பதைத் தாமே நிறுவ வேண்டிய நிலையில் நிற்கிறார். கார்டே இல்லாமல் காண்ட்ராக்டரிடம் தைப்பவருக்கோ இந்த வாதம் முழுவதுமே எட்டாத தொலைவில் இருக்கிறது.

இழப்பீடு கிடைப்பதால்தான் தொழிலாளர் தேறுவதில்லை என்னும் மறுப்பு நீண்ட விடைக்குத் தகுதியுடையதன்று. இழப்பீடே பெறாதவர் வலியோடு தைத்துக்கொண்டிருப்பதை அது விளக்காது. அறுவையே பயனற்றது என்பார்க்கு நெதர்லாந்தின் ஸ்டாப்என்டாஸ் சோதனை ஓரளவு விடை தருகிறது: 50 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்த அந்த ஆய்வில், மூன்றாம் மாதத்தில் அறுவைப் பிரிவினரின் கைச்செயல் மதிப்பெண் மற்றவரைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. எண்ணிக்கை சிறிது, காலமும் குறுகியது. ஆனால் அது கையைக் கேட்டு அளந்தது, சம்பளப் பட்டியலைப் பார்த்து அளக்கவில்லை.

திருப்பூர், கோவை மருத்துவமனைகள் வழங்கும் பணித்தகுதிச் சான்றில் ‘வேலைக்குத் தகுதி’ என்ற ஒற்றைத் தொடருக்கு மாற்றாக, எந்த எந்திரத்தில், ஒரு மூச்சில் எத்தனை நிமிடம், கையை எந்த உயரம் வரை தூக்கி என்பதைக் குறிக்க வேண்டும். மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம், இருபத்துநான்காம் மாதங்களில் கையின் செயலை வீட்டு வேலையும் சேர்த்து அளந்து பதிய வேண்டும். அறுவை செய்துகொண்டவரை நீட்டித்த உதவிப் பட்டியலில் சேர்ப்பதற்கு இப்பதிவுகள் கைகூடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த அதிகாரம் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்திடமே இருக்கிறது.